என் நெல்லில் சறுக்கிய பைக்

பல்லவர் காலத்தில் போர் நடந்த ஊர் எங்கள் புள்ளலூர். அதை வைத்தே என் மனைவி தனத்தைக் கேலி செய்வேன். கம்பெனி வேலைக்குப் பைக்கில் கிளம்பும்போது ஹெல்மெட்டோடு நிறுத்திக்கொள்ளமாட்டாள். தடித்த ஜாக்கெட், கையுறை, முட்டிக் கவசம் எல்லாம் வேண்டும்.

"சண்டை முடிஞ்சி எத்தினியோ காலமாவுது. நீ யார வெட்டப் போற?"

"தோலு என்னுது. வேர்த்தா வேர்த்துட்டுப் போவுது" என்பாள்.

ஓர் அறுவடையின்போது, ஊர் வழக்கப்படி நானும் தார் ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தேன். மதியம் ஷிப்ட் முடிந்து தனம் வந்தாள். எதிரே லாரி. ஒதுங்க வேறு இடமில்லாமல் நெல்மேல் ஏற்றினாள். பைக் சறுக்கி, அவளையும் தேய்த்துக்கொண்டு போனது.

நான் ஓடினேன். எழுந்து உட்கார்ந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள், பிறகு கையுறையை. கையுறை கிழிந்து தொங்கியது. அவள் உள்ளங்கையில் ஒரு கீறல்கூட இல்லை.

"இன்னா பாத்துகினு நிக்கிற? சாக்கு எடுத்துகினு வா, வாரிடலாம். எல்லாரும் என்னிய மாதிரி இதெல்லாம் மாட்டிகினா வராங்க?"

ஒரு வார்த்தை திட்டவில்லை. என்னோடு சேர்ந்து கடைசி நெல்மணி வரை வாரினாள். அதற்குப் பிறகு நான் ரோட்டில் நெல் போட்டதில்லை.

இப்போதும் டீக்கடையில் யாராவது, "இன்னாப்பா, உன் வூட்டுக்காரி சண்டைக்கா போவுது?" என்று சிரிப்பார்கள். வெட்கம் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் பதில் சொல்வதற்குள் நெஞ்சு நிமிர்ந்துவிடுகிறது.

"ஆமா. என்னியே ஜெயிச்சவ."