உரிய வழியும் முற்பிரதியும்

போன வெள்ளிக்கிழமை காலை எனக்கு ஒரு நியமனம் கிடைத்தது. ஓய்வு பெற்று மூன்று வருடத்துக்குப் பிறகு கிடைத்த நியமனம். கடமை: எங்கள் முன்மண்டபத்து மேசைக்குக் கீழே கிடக்கும் தொலைபேசி வயரை, சொல்லும்போது பிடுங்குவது. நேர்முகப் பரீட்சை இல்லை. நியமனக் கடிதமும் இல்லை. கேட்டுப் பார்த்தேன். சிரித்தார்கள்.

நியமித்தவர் என் மருமகன் நிப்ராஸ். மகள் சிபானாவைக் கட்டியதோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். கூடவே மூன்று கம்பியூட்டர்களும் வந்தன. முன்மண்டபம் அவற்றுக்கு, விறாந்தை எனக்கு என்று ஒரு பங்கீடும் நடந்தது.

கொழும்பில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, எட்டு மாதமாக அவர் ஓர் இயங்குதளத்தின் உள்ளே எதையோ எழுதிக்கொண்டிருக்கிறார். இயங்குதளம் என்றால் கம்பியூட்டரை உட்கார்ந்து யோசிக்க வைக்கும் அடிப்படைச் சாமான். இது கடையில் விற்பதல்ல. உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் எழுதுகிறார்கள். எவரும் திறந்து பார்க்கலாம், பிழை சொல்லலாம். திணைக்களத் தலைவர் யார் என்று கேட்டேன். அப்படி ஒருவர் இல்லையாம். சரி, கடைசியில் யார் ஒப்பமிடுவது? ஒப்பமே இல்லையாம். இப்படியொரு தாபனம் ஒரு கிழமையாவது தாக்குப்பிடிக்குமா? பல வருடமாக நடக்கிறதாம்... எனக்கு இரத்த அழுத்தம் ஏறியது.

அவர் எழுதுவது இதுதான். ஒரு கம்பியூட்டர் இன்னொன்றுடன் ஒரு வழியால்தான் கதைக்கும். வழி அறுந்தால் கதையும் அறுந்தது. நிப்ராஸ் ஒரே கதையை இரண்டு வழியால் நடத்தப் பார்க்கிறார். ஒரு வழி, வீட்டுத் தொலைபேசி வயர். மற்றது, யுத்தம் முடிந்ததோடு கல்முனைக் கடைகளில் வந்து குவிந்திருக்கும், வயரில்லாமல் இன்டர்நெட் தரும் விரலளவு டொங்கிள். ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும்.

"இதுல புதுசு என்ன, மருமகன்? நாங்க முப்பது வருஷமாச் செய்த வேலதானே" என்றேன்.

உண்மைதான். அரசாங்க உத்தியோகத்தர் ஒரு விண்ணப்பம் அனுப்பினால் அது மேலதிகாரியூடாக, அவருடைய மேலதிகாரியூடாகப் போகும். அதற்குப் பெயர் உரிய வழி. அது போய்ச் சேராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரு பிரதியை நேரே அனுப்புவோம். அது முற்பிரதி. முற்பிரதி மறுநாளே போய்ச் சேரும். அங்கிருப்பவர் அதன் ஓரத்தில் எழுதுவார்: 'உரிய வழியாகக் கிடைத்ததும் கவனிக்கப்படும்.'

நிப்ராஸ் சிரித்தார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

என் மனைவிக்கு இதிலெல்லாம் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தம்பி கட்டாரில் இருக்கிறார். அங்கே ஒரு கம்பனியில் கம்பியூட்டர் பராமரிக்கும் வேலை பார்த்து வைத்திருந்தார். சனிக்கிழமை கொழும்பில் இன்டர்வியூ. சிபானாவுக்கு வயிற்றில் ஏழு மாதம். நிப்ராஸுக்குப் போக மனமில்லை. ஆனால் எட்டு மாதமாக மாமனார் வீட்டில் இருக்கும் ஒரு மனிதன் 'நான் போகல்ல' என்று வாய் திறக்க ஒரு காரணம் வேண்டாமா?

காரணம் கடலுக்கு அப்பால் இருந்தது. இயங்குதளக்காரர்கள் சொல்லியிருந்தார்கள்: வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் செய்து காட்டுங்கள். வழி அறுந்தும் கதை அறாமல் இருந்தால், உங்கள் எழுத்தைப் பரிசோதனைப் பகுதியில் சேர்க்கிறோம். அதைத் தொடர்ந்து வளர்க்கும் வேலையையும் உங்களுக்கே தருகிறோம், வீட்டிலிருந்தே செய்யலாம். இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் கட்டார்தான்.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தோம். வயரைப் பிடுங்கினேன். கதை நடக்கிறது என்று காட்டித் திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு நின்றது. டொங்கிள் பக்கத்திலேயே பச்சையாக மினுங்கிக்கொண்டிருந்தது, சம்பளம் வாங்கிக்கொண்டு.

"போடுங்க, மாமா."

போட்டேன். கோடு ஓடியது.

"பிடுங்குங்க."

நின்றது. பின்னேரம் அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை இதே உத்தியோகம். சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "மகள், மாமனும் மருமகனும் வயர் புடுங்கி முடிஞ்சாச் சொல்லு. தேத்தண்ணி ஆறுது."

புதன்கிழமை மத்தியானம் நிப்ராஸ் விறாந்தைக்கு வந்தார். கையில் தேநீர்க் கோப்பை, முகத்தில் இரண்டு நாள் தாடி.

"பிழையப் புடிச்சிட்டன், மாமா."

"என்ன பிழை?"

"உள்ளுக்கு ஒரு உத்தியோகத்தர வெச்சிரிக்கன். உங்கள மாதிரி ஆள்."

கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் விளக்கினார்.

"பத்துப் பக்கக் கடிதம் ஒண்டு எண்டு வெச்சிக்கொள்ளுங்க. பாதிப் பக்கம் வயரால போகுது, பாதி டொங்கிளால. அஞ்சாம் பக்கம் போகக்குள்ள வயர் அறுந்துட்டு. டொங்கிளால போன பக்கமெல்லாம் அங்க சேந்துட்டு. வாங்கினவர் என்ன செய்றார்? அஞ்சு வரட்டும் எண்டு மத்த எல்லாத்தையும் வெச்சிக்கிட்டு இரிக்கார்."

"ஒழுங்கான ஆள்."

"இஞ்ச என்ட ஆள் அஞ்சாம் பக்கத்த மறுகா அனுப்புறார். எதால? அறுந்த வயரால. கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கா அனுப்புறார். அதே வயரால."

"அதானே முறை. முதற்கடிதம் போன வழியாலதான் ஞாபகமூட்டலும் போகணும்."

"பக்கத்துல டொங்கிள் சும்மா இரிக்கி, மாமா."

"அந்தப் பக்கத்தக் கொண்டுபோக அதுக்கு அதிகாரம் இல்லியே."

"அதத்தான் நானும் சொல்றன்."

கோப்பையை விறாந்தைக் கட்டில் வைத்தார். பிறகு கேட்டார்: "சுனாமி நேரம் தண்ணிப் பவுசர் கேட்டு எழுதினீங்களே, அந்தக் கடிதம் எதால போன?"

அந்தக் கதையை நான் கலியாண வீடுகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சாய்ந்தமருதில் ஒரு பள்ளிக்கூடத்தில் சனம் நிறைந்து கிடந்தது. குடிக்கத் தண்ணீர் இல்லை. பவுசர், அதாவது தண்ணீர் கொண்டுவரும் தாங்கி லொறி, கேட்டு அன்றே கடிதம் தட்டினேன். அது இடையிலுள்ள ஓர் அலுவலகத்தின் சிபாரிசோடுதான் மேலே போக வேண்டும். அந்த அலுவலகத்துக்குள் கடல் வந்து போயிருந்தது. கதிரைகூட மிச்சமில்லை. ஆனாலும் அங்கேயே அனுப்பினேன். இரண்டாம் நாள் ஞாபகமூட்டல். மூன்றாம் நாள் இன்னொரு ஞாபகமூட்டல். முற்பிரதி? அவரவர் சொந்த விண்ணப்பத்துக்குத்தான் முற்பிரதி. தண்ணீருக்கு அப்படி ஒரு வழக்கம் இல்லை.

கடல் வராத உட்பக்கத்தில் சம்மாந்துறை ரோட்டு திறந்துதான் கிடந்தது. பாண் லொறிக்காரர் ஒருவர் வாசலில் நின்று கேட்டார்: "சேர், கடிதத்த என்னட்டத் தாங்க. நேரே மேல குடுத்துட்டு வாறன்." பொறுப்பற்ற கையில் அரச ஆவணமா? மறுத்துவிட்டேன். நான்காம் நாள் சம்மாந்துறையிலிருந்து இளைஞர்கள், ஒருவரையும் கேட்காமல், ட்ரக்டரில் தண்ணீர்த் தாங்கியைக் கட்டி இழுத்து வந்தார்கள். அனுமதியற்ற விநியோகம் என்று அலுவலகக் கோவையில் பதிந்தேன். அழகான கையெழுத்தில்.

"அந்தப் பள்ளிக்கூடத்துலதான் எங்கட உம்மா இருந்தா, மாமா" என்றார் நிப்ராஸ். "நான் கொழும்புல. நாலு நாளா ஃபோன் எடுத்துப் பாக்கன், ஒரு வழியாலயும் கிடைக்கல்ல."

கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய், நான் என்ற அந்த உத்தியோகத்தரை நீக்கத் தொடங்கினார். அரசாங்க உத்தியோகத்தரின் சட்டப்புத்தகமான தாபன விதிக்கோவை எனக்குக் கிட்டத்தட்ட மனப்பாடம். விறாந்தையில் இருந்து ஒவ்வொரு அத்தியாயமாக யோசித்துப் பார்த்தேன். தாகத்துக்கு என்று ஓர் அத்தியாயம் அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்பதரைக்கே மேசைக்குக் கீழே குந்திவிட்டேன். கையில் வயர். மடிக்கணினியில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்து இரண்டு மூன்று குரல்கள் ஆங்கிலத்தில் கதைத்துக்கொண்டிருந்தன. சிபானா கதவோரம் நின்று எதையோ ஓதிக்கொண்டிருந்தாள். சரியாகப் பத்துக்கு நிப்ராஸ் கையைக் காட்டினார். பிடுங்கினேன்.

திரையைப் பார்த்தவரின் நெற்றி சுருங்கியது.

"மாமா, பிடுங்கிட்டீங்களா?"

"இந்தா, கையில இரிக்கி."

"ஒரு மாற்றமும் தெரியுதில்ல..." பக்கம் பக்கமாக எதையோ தேடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "வயர் எட்டு நிமிஷத்துக்கு முந்தியே அறுந்திரிக்கி. எல்லாம் டொங்கிளாலதான் போயிருக்கு. ஒருத்தருக்கும் தெரியல்ல."

யார் அறுத்தது? எல்லோரும் சுவரைப் பார்த்தோம். தொலைபேசி வயர் போய்ச் சேரும் ரவுட்டரின் பிளக் கழன்று நிலத்தில் கிடந்தது. அந்த இடத்தில் அயன் பெட்டி செருகியிருந்தது. அதன் மறுமுனையில் என் மனைவி.

"என்ன பாக்குறீங்க? நாளைக்கு இன்டர்வியூக்குப் போட்டுக்கிட்டுப் போற சேட். கசங்கினதையா போட்டுப் போற?"

நிப்ராஸ் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். கடலுக்கு அப்பால் வெகுநேரம் சிரித்தார்கள். தாங்கள் நேரம் குறித்துச் செய்ய இருந்த சோதனையைவிட இது நல்ல சோதனை என்றார்கள். அறிக்கையில் 'வழி துண்டிக்கப்பட்டது: மாமியார்' என்றே பதிந்தார்களாம். நான் பிடுங்கியது பற்றி ஒரு குறிப்பும் இல்லை.

ஜும்ஆ முடிந்து வந்து சோறு தின்று எழும்புவதற்குள் அவருடைய எழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். சிபாரிசு இல்லை, முத்திரை இல்லை. மேலே ஒரே ஒரு எச்சரிக்கை: 'பரிசோதனை நிலையில் உள்ளது. முக்கியமான காரியத்துக்கு இதை நம்பியிருக்க வேண்டாம்.' என்ன நேர்மை. முப்பது வருடம் நான் இருந்த கதிரைக்கு மேலே இப்படி ஒரு பலகையை எவரும் மாட்டவில்லையே.

அயன் பண்ணிய சேட்டை நிப்ராஸ் அன்று ஜும்ஆவுக்கே போட்டுப் போயிருந்தார். மனைவி இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மூன்றாம் நாள், மகள் பிள்ளை பெறும் நேரம் மருமகன் பக்கத்தில் இருப்பதும் நல்லதுதான் என்று அடுத்த வீட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கட்டாருக்கு 'வரவில்லை' என்று எழுதும் பொறுப்பு மட்டும் என்னிடம் வந்தது. தபாலில் ஒன்று, ஈமெயிலில் ஒன்று, ஊருக்கு வந்து திரும்பிப் போகும் ஒருவர் கையில் ஒன்று. மூன்றின் தலையிலும் 'முற்பிரதி' என்றே எழுதினேன்.