பீடோங்கிலிருந்து ஒரு கட்டியோடு கோத்தா கோலா மூடாவுக்கு

இது ஊர் சுற்றக் கிளம்பிய பயணம் இல்லை. மாமியாரிடம் மட்டும் அப்படிச் சொன்னோம். "கோத்தா கோலா மூடாவுல நல்ல மீன் வாங்கிட்டு வர்றோம்" என்று புளுகிவிட்டு, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு எங்கள் ஊரான பீடோங்கிலிருந்து புறப்பட்டோம். உண்மையில் போனது சுங்கை பட்டாணியில் ஒரு மருத்துவமனைக்கு.

சில மாதங்களுக்கு முன் எனக்கு ஆசனவாய் ஓரத்தில் ஒரு கட்டி வந்தது. உட்கார்ந்தால் உயிர் போகும். நானோ தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறவன், உட்கார்ந்தால்தான் சோறு. வீட்டில் சூட்டுக் கட்டி என்று முடிவு கட்டினோம். இளநீர், மோர், விளக்கெண்ணெய். ஒருநாள் அதுவே உடைந்தது. "சூடு எறங்கிருச்சு!" என்றாள் மனைவி செல்வி. அன்றைக்குப் பாயசம் வேறு! ஆனால் ஈரம் நிற்கவில்லை. தினமும் உள்ளாடையில் சீழ்க் கறை. இணையத்தில் 'பவுத்திரம்' என்று படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே போய்விட்டது.

சுங்கை பட்டாணி பத்துக் கிலோமீட்டர் சொச்சம்தான். செல்வி காரை ஓட்ட, நான் ஒருக்களித்தே உட்கார்ந்து வந்தேன். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் "மெதுவா போ புள்ள" என்று கத்தினேன். மருத்துவமனை முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண்ணிடம் விஷயத்தைக் காதோடு சொன்னேன். "பிசுலா? எந்த இடத்துல?" என்று, கட்டிக்கான மலாய்ச் சொல்லைப் போட்டு அவள் மலாயில் உரக்கக் கேட்க, மொத்தக் கூடமும் திரும்பியது. சே, மானம் போயிற்று.

பரிசோதித்த டாக்டர் தமிழ்ப் பெண். "கட்டி ஒடைஞ்சாலும் உள்ளேருந்து தோலுக்கு ஒரு வழி தங்கிடலாம்ணே. அதான் பவுத்திரம். எல்லாருக்கும் வராது. ஒங்களுக்கு வந்த மாதிரிதான் தெரியுது."

"பஸ் ஓட்டலாமா டாக்டர்?"

"ஸ்கேன் எடுத்துப் பாத்துதான் சொல்ல முடியும் லா. அந்த வழி தசைக்குள்ள எவ்வளவு போகுதுன்னு தெரியாம வெட்ட மாட்டோம். தசைக்கு அடிபட்டா மலத்த அடக்குறது கஷ்டமாயிடும்."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஸ்கேனுக்கு அடுத்த மாதம் வரச் சொன்னார்கள்.

இதே நோவோடு கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கட்டியை அமுக்காதீர்கள், சூடு என்று சும்மா இருக்காதீர்கள். காய்ச்சலும் வந்தாலோ, சர்க்கரை வியாதி இருந்தாலோ அன்றைக்கே போங்கள். தானாக உடைந்தாலும் போய்க் காட்டுங்கள். மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள்.

புளுகியாயிற்றே, மீன் வாங்காமல் வீடு திரும்ப முடியுமா? கோத்தா கோலா மூடாவுக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். படகுகள் வரும் மதிய வேளைக்குப் போனால்தான் சந்தையைப் பார்க்கலாம். அங்கே கூவி ஏலம் விடுவதில்லை. வாங்குகிறவர் விற்பவரின் காதில் தன் விலையைக் கிசுகிசுப்பார், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காது.

கூடை நிறையக் கெம்போங் எனும் கானாங்கெளுத்தி மீன். சுற்றிலும் கிசுகிசுப்பு. நானும் செல்வியின் காதருகே குனிந்தேன். காலையிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"எனக்குப் பயமா இருக்கு புள்ள."

"எனக்கு மட்டும் இல்லையாங்க?" என்று அவள் ஓவென்று அழுதாள். சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.