கம்பிவழி போய்வந்த சொட்டு மருந்து

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டான கேஜ் இறங்கத் தொடங்கும்போது காத்தவராயன் விட்ட கொட்டாவி, அது அடியில் போய் நிற்கும்போதுதான் முடியும் என்பார்கள். பூமிக்கடியில் அத்தனை நிம்மதியாக இருந்த மனுஷன், சுரங்கம் மூடிப் பல வருஷம் கழித்து, பட்டப்பகலில், சொந்த வீட்டுக்குள் மாட்டிக்கொண்டார். வெளியே பூட்டு. சாவி மகள் இந்துவின் கைப்பையில். கைப்பை காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய்விட்டது.

இந்துவைக் குறை சொல்ல முடியாது. அவருடைய இடது கண்ணை வேலைக்காலத்திலேயே ஒரு கல்சில்லு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணில்தான் புரை எடுத்திருந்தார்கள். ஆபரேஷன் முடிந்த மறுநாளே கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆண்டர்சன்பேட்டைக்கு ஆட்டுக்கால் சூப் குடிக்கக் கிளம்பினார். அன்றைக்கென்று, தங்கம் பிரித்தபின் கொட்டிவைத்த சயனைடு மண்மேட்டிலிருந்து காற்று. அந்தக் காற்று அடித்தால் கறுப்புக் கோழியும் வெள்ளைக் கோழியாகத்தான் வீடு திரும்பும். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்ததும் இந்து பூட்டு வாங்கிவிட்டாள்.

“நைனா, இருக்கிறது ஒத்தக் கண்ணு. அதுவும் போச்சுன்னா நானு வேலைய வுட்டுட்டு உன் கையப் புடிச்சினு திரியணும். தெரிதா?”

தெரிந்தது. அதனால்தான் ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்னதையெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தார். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் மருந்தைத் தொடக் கூடாது. பாட்டில் முனை கண்ணிலோ இமையிலோ விரலிலோ படக் கூடாது. ஊற்றியதும் மூடிவிட வேண்டும். வெயில் படக் கூடாது என்றதால் ஜன்னலோரம் இருந்த பாட்டிலை அலமாரிக்குக் குடி மாற்றினார்.

அந்த ஜன்னலில்தான் பக்கத்து வீட்டு டெய்சி வந்து நின்றாள். இரண்டு கண்ணும் பழுத்த தக்காளி.

“அண்ணே, கீறீங்களா?”

“பூட்டிக்கீற வூட்லேர்ந்து எங்கம்மா போவேன்? இன்னா விசயம்?”

“மெட்ராஸ் ஐ வந்துடுச்சு. மண்ண அள்ளிப் போட்டாப்பல உறுத்துது. உங்க மருந்துல ரெண்டு சொட்டு குடுங்க.”

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கீழே வேலை செய்த காலத்தில் கேங்குக்கு ஒரே கண் மருந்து. யார் கண்ணில் தூசி விழுந்தாலும் அதுதான் கை மாறும். தர மறுத்தவனை மறுநாள் யாரும் சோற்றுக்குக் கூப்பிட மாட்டார்கள். போதாததற்கு, அவர் கண்ணில் கல் தெறித்த அன்று தோளில் தூக்கிக்கொண்டு கேஜுக்கு ஓடியவர் டெய்சியின் அப்பா. பாட்டில் கம்பி வழியே போனது.

டெய்சி முனையை இமையில் வைத்து அழுத்தி ஊற்றிக்கொண்டாள். மூடி நழுவிச் சாக்கடையில் விழுந்தது. பாட்டில் முனையில் ஒட்டியிருந்த பூளையை முந்தானையால் துடைத்துவிட்டு, “இந்தாங்க, பத்திரமா வைங்க” என்று திருப்பிக் கொடுத்தாள்.

பத்திரமாம்!

மத்தியான மருந்துக்கு நேரம் வந்தது. கையில் மூடியில்லாத பாட்டில். ஊற்றினால் அவள் கண்ணில் இருப்பது இவர் கண்ணுக்கு வரும். ஊற்றாமல் விட்டால் அறுத்த கண் என்ன ஆகுமோ? கதவை ஆட்டிப் பார்த்தார். பூட்டு அசைந்து கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. கேஜ் நடுவில் நின்றுபோனால் மணி அடிக்கலாம், மேலே கேட்க ஆள் உண்டு. இங்கே யாருக்கு அடிப்பது? இந்துவுக்குத்தான் அடித்தார், போன்.

“அத ஊத்தாத நைனா! குப்பையில போடு!” என்று கத்தியவள், சிஸ்டரிடம் கேட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டாள். “இன்னிக்கே புதுசு வாங்கி ஊத்தணுமாம். சீட்ட டெய்சி அக்காகிட்ட குடு. அவங்க கண்ணுக்கு இது கூடாதாம், வேற ஆளுக்கு எழுதுன மருந்து கெடுதலாம். டாக்டர்கிட்ட போவச் சொல்லு.”

டெய்சி சீட்டோடு ஆண்டர்சன்பேட்டைக்கு ஓடினாள். திரும்பி வந்தவள் புது டப்பாவைக் கம்பிக்கு வெளியிலேயே பிடித்துக்கொண்டாள்.

“டாக்டராண்ட அப்பால போறேன். ஒரே ஒரு சொட்டு குடுங்கண்ணே. இந்த தபா படாம ஊத்திக்கிறேன்.”

மருந்து வெளியே, கண் உள்ளே. காத்தவராயன் கம்பியைப் பிடித்தபடி நின்றார். முடியாது என்று வாயெடுத்தால் டெய்சியின் அப்பா குறுக்கே வந்தார். கடைசியில் அவரையே துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்.

“டெய்சி, உங்கப்பா ஷிஃப்டுல தன் லாம்ப யாருக்குனா குடுத்துக்கீறாரா?”

“லாம்பையா? சோறு குடுப்பாரு, பீடி குடுப்பாரு. லாம்பு நம்பர் போட்டதாச்சே, அவனவன் தலையிலதான் இருக்கும்.”

“இதுவும் அப்டித்தாம்மா. டாக்டரு என் பேர் போட்டுக் குடுத்த லாம்பு. எனுக்கு வேற லாம்பு கெடையாது.”

டெய்சி டப்பாவை உள்ளே நீட்டினாள்.

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?” என்று, கடைத்தெருவில் வாங்கி மாட்டியிருந்த கறுப்புக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டாக்டரைப் பார்க்க நடந்தாள்.

அவர் சோப்பு கரையும்வரை கை கழுவினார். தலையைச் சாய்த்து, கீழிமையை இழுத்து, எட்டப் பிடித்து ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரக் கண்முனையை விரலால் அழுத்திக்கொண்டார். மூடி போட்டு, திறந்த தேதியை டப்பாவில் எழுதி அலமாரியில் வைத்தார்.

வெளியே காற்று கிளம்பிப் பூட்டை ஆட்டியது. ஜன்னலைச் சாத்திவிட்டு இருட்டில் உட்கார்ந்தார். சாயங்கால ரயில் வர இன்னும் நேரமிருந்தது. கேஜில் வந்த அந்தக் கொட்டாவி மட்டும் வரவில்லை.