கேமராவைத் திருப்பு, தங்கச்சி

லுவோ ஃபுகென்னை நான் நேரில் பார்த்ததே இல்லை. தாதுங் நிலக்கரிச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் உழைத்தவர். நெஞ்சு முழுக்கக் கரித்தூள். நாலு படி ஏறினால் மூச்சு முட்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. காலை ஏழு மணிக்கு, பத்தாயிரம் அடி உயரத்தில் இருக்கும் எங்கள் சிங்ஹாய் ஏரிக்கரையில் நின்று நான் போனில் நேரலையைத் தொடங்கினால், முதல் ஆளாக வந்து எழுதுவார்: "தங்கச்சி, இன்னிக்குத் தண்ணி என்ன நிறம்?"

என் வாய் ஓயாது. ஆட்கள் வந்து எங்கள் விடுதியில் தங்கினால்தான் வீட்டில் அடுப்பெரியும். "வீட்டு ஆளுங்களா, கெளம்பி வாங்க! உயரம் கியரம்னு பயப்படாதீங்க. ரெண்டு மடக்கு வெல்லத்தண்ணி குடிச்சா எல்லாம் சரியாப் போயிடும்!" என்று தினமும் கூவுவேன். மூவாயிரம் பேர் கேட்பார்கள். லுவோ நம்பிவிட்டார்.

ஜூலையில் அவர் மனைவி சூய்லியன் போன் செய்தாள்.

"அவரு ரயில் டிக்கெட் எடுத்துட்டாரும்மா. அவ்வளவு உயரத்துக்குப் போனா உசுரோட திரும்ப மாட்டார்னு டாக்டர் சொல்லிட்டார். 'அந்தத் தங்கச்சியே ஒண்ணும் ஆகாதுங்குது'ன்னு என் வாயை அடைக்கிறாரு. கூப்பிட்டது நீ. நீயே தடுத்துடு. நான் கெஞ்சினேன்னு மட்டும் சொல்லிடாதே, வீம்புக்கே கெளம்பிடுவாரு."

என் வியாபாரப் பேச்சு ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தது.

மறுநாள் காலை நேரலையில் ஏரிக்குப் பதில் எங்கள் விடுதியின் வண்டி நிறுத்துமிடத்துச் சேற்றைக் காட்டினேன். "ஆலங்கட்டி மழையில கடுகுப் பூவெல்லாம் போச்சு. ஏரி தெரியாம ஒரே மூட்டம். இந்த வருஷம் யாரும் வராதீங்க."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று சமையலறையிலிருந்து என் கணவர் கத்தினார்.

லுவோவின் பெயர் திரையில் வந்தது. "பொய் சொல்றே தங்கச்சி. அக்கரையில இன்னொருத்தன் நேரலை ஓடுது. தண்ணி நீலமா இருக்கு."

அடுத்த வரியும் அவருடையதுதான்.

"எங்க வீட்டுக்காரி அழுதாளா?"

அதற்கு மேல் பொய் வரவில்லை. "அழுதாங்கண்ணே. தப்பு என்னுது. வெல்லத்தண்ணி கதை ஆள் சேர்க்கச் சொன்னது. உங்க நெஞ்சுக்கு இந்த ஊர் ஆகாது. வராதீங்க."

அவர் பதில் திரையில் வந்தது.

"டிக்கெட்டை ரத்து பண்ணிடறேன். கேமராவைத் திருப்பு, தங்கச்சி."

திருப்பினேன். மஞ்சள் வயல், அதற்கப்பால் தண்ணீர். பழக்க தோஷத்தில் பேச வாயெடுத்தேன். "பேசாதே. காத்துச் சத்தம் கேக்கட்டும்" என்று எழுதினார்.

நாற்பது நிமிடம் கை வலிக்க வலிக்கப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதிப் பேர் சலித்துப் போய்விட்டார்கள். அவர் போகவில்லை. நேரலையை முடிக்கும்போது ஒரே வரி எழுதினார்.

"வந்து பாத்துட்டேன், தங்கச்சி."