வராத சீட்டு

என் சிநேகிதி சாவதற்கு நாலைந்து மாதம் முன்னால், ஒரு சீட்டுக்கட்டிலிருந்து ஐந்து சீட்டுகளை உருவி ஒளித்து வைத்தேன். அவள் பயந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதைச் சொல்ல வாய் வருவதில்லை.

அது ஆடுகிற சீட்டு இல்லை, டாரட் சீட்டு. படம் போட்ட எழுபத்தெட்டு அட்டைகள். கண்டி வாவிக்கு மேலே இருந்த சின்ன கெஸ்ட்ஹவுஸ் ஒன்றில் என் சிநேகிதி வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். கால் சுளுக்கி அங்கே ஒன்றரை மாதம் முடங்கிக் கிடந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பொழுது போகாமல் இவளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தாள். ஊருக்குப் போகும்போது சீட்டுக்கட்டையும் கொடுத்துவிட்டுப் போனாள். “இது நடக்கப் போறதச் சொல்ற சீட்டு இல்லடி, நடந்துக்கிட்டு இருக்கறத வாயத் தொறந்து பேச வைக்கிற சீட்டு” என்றாள் சிநேகிதி என்னிடம். ஜோசியம், குறி, பூக்கட்டிப் பார்ப்பது எல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

நாங்கள் மூன்று பேர். நான் கண்டி டவுனை ஒட்டிய மஹய்யாவையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, இன்னும் அங்கேயே இருப்பவள். அரசாங்க அலுவலகமொன்றில் பிறப்பு, விவாகம், மரணச் சான்றிதழ்களைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கு மாற்றிக்கொடுப்பது என் வேலை. சிநேகிதி ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். வீடு ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். மூன்றாமவர் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா. வங்கியில் வேலை, இடமாற்றத்தில் கண்டிக்கு வந்தவர், கல்யாணம் ஆகாதவர். டவுனில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். எங்கள் மூவரில் கதவைச் சாத்திக்கொண்டு பேச இடம் இருந்தது அவருக்கு மட்டும்தான்.

வருஷத்துக்கு நாலு தடவை கூடுவோம். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, சித்திரை லீவில் ஒரு நாள், ஆகஸ்டில் பெரஹரா ஊர்வலம் முடிந்து ரோட்டில் யானைச் சாணி காய்வதற்குள் ஒரு நாள், பிறகு கார்த்திகை மழையில் ஒரு நாள். முதல் தடவை மூன்று மணி நேரம் புருஷன், மாமியார், மேலதிகாரி என்று ஊர்க்கதை பேசிக் கலைந்தோம். அடுத்த தடவை சிநேகிதி சட்டம் போட்டுவிட்டாள். ஆளுக்கு மூன்று சீட்டு. வந்த சீட்டில் தன்னைப் பற்றி என்ன தோன்றுகிறதோ அதை மட்டும் பேச வேண்டும். சீட்டில் வராததைப் பேசக் கூடாது. மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், புத்தி சொல்லக் கூடாது. பேசியது அந்த மாடிப்படியோடு முடிந்துவிட வேண்டும்.

எங்களைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியாளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. எப்படி இருக்கீங்க என்றால் இருக்கோம் என்று சொல்லியே ஆயுசை ஓட்டுகிற ஆட்கள் நாங்கள். ஒரு தடவை எனக்கு, விறகுக் கட்டைச் சுமந்து முகம் மறைந்துபோய் நடக்கிற மனுஷனின் படம் வந்தது. இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கும் மாமனாரைக் குளிப்பாட்டுவது எனக்கு அருவருப்பாக இருக்கிறது என்று சொல்லி அழுதேன். அதை என் புருஷனிடம்கூட நான் சொன்னது கிடையாது. அக்காவும் அவளும் என்னைத் தப்பாகப் பார்க்கவில்லை. நாலு நாள் லேசாக இருந்தது.

சீட்டுக்கட்டு என் அலுமாரியில்தான் இருக்கும். சிநேகிதியின் வீட்டில் வைக்க முடியாது. கலஹாவில் இருந்து அவளுடைய நாத்தனார் அடிக்கடி வருவாள். ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவள். கண்டால் பேய்ச்சீட்டு என்று அடுப்பில் போட்டுவிடுவாள். சிநேகிதியின் புருஷன் டுபாய்க்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் என்று ஆகி, போன் எடுப்பதையும் விட்டுவிட்டான். அண்ணன் செய்ததற்குப் பரிகாரம் மாதிரி நாத்தனார் மட்டும் அரிசியும் காய்கறியும் தூக்கிக்கொண்டு வந்து போவாள். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தன் இரண்டு பெண்களையும் பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திக் கொழும்புக்கு கார்மன்ட் வேலைக்கு அனுப்பிவிட்டாள். பொம்பளைப் பிள்ளைக்கு அதற்கு மேல் எதற்கு என்பது அவள் கட்சி.

சிநேகிதிக்கு ஒரே மகள். அப்போது ஓ.எல். பரீட்சை வகுப்பு; அதற்கு மேல் ஏ.எல். இரண்டு வருஷம் இருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை, மருந்து சம்பந்தமாக ஏதாவது படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அவள் படித்த பள்ளிக்கூடம் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

அந்த வருஷம் சித்திரையில் கூடியபோது சிநேகிதிக்கு வந்த முதல் சீட்டில், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கும் பெண். அவள் அதை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள்.

“ரிப்போர்ட் வந்துருச்சு,” என்றாள். “வயித்துல இருக்கறது கேன்சர் கட்டிதானாம்.”

அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். சட்டப்படி நாங்கள் கேள்விதான் கேட்க வேண்டும். வாயில் வந்ததைக் கேட்டேன். “புள்ளைக்குத் தெரியுமா?”

“தெரியாது. எனக்கு ஒண்ணுன்னா அவள அவங்க அத்த கலஹாவுக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. போனா அதோட படிப்பு முடிஞ்சுச்சு.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அக்காவைப் பார்க்கவில்லை, என்னை மட்டும்தான். பிறகு சிரித்துக்கொண்டே, “சரி, அது இந்தச் சீட்டுல இல்ல. குதிரைக்காரன் வரட்டும், அப்பப் பேசிக்குவோம்” என்றாள்.

குதிரைக்காரன் என்பது மரணச் சீட்டுக்கு நாங்கள் வைத்த பெயர். எலும்புக்கூடு ஒன்று கவசம் போட்டு வெள்ளைக் குதிரையில் வரும். அதற்கு மாற்றம் என்றுதான் அர்த்தம், சாவு இல்லை என்று கூட வந்த சின்னப் புத்தகத்தில் எழுதியிருந்தது. எழுதியிருந்தால் மட்டும் என்ன?

அவள் என்ன கேட்கப் போகிறாள் என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் அப்போதே கேட்கவில்லை என்பதும் தெரியும். என் பிள்ளையை நீ வைத்துக்கொள்வாயா என்று எடுத்த எடுப்பில் கேட்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. கேட்டு, மற்றவள் தயங்கிவிட்டால், அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாது. சீட்டு வந்தால் அது கேட்ட மாதிரி இருக்கும். அவளுக்கும் மானம் போகாது, எனக்கும் போகாது. அதனால்தான் காத்திருந்தாள்.

பெரஹரா முடிந்த ஞாயிறு. அக்காவின் வீட்டுக்கு நான் புறப்படுமுன் சீட்டுக்கட்டை எடுத்துக் கட்டிலில் விரித்தேன். குதிரைக்காரனை எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். முதுகில் பத்து வாள் குத்திக் கிடப்பவன், இடி விழும் கோபுரம், வாள் துளைத்த இதயம், முகம் பொத்திய பெண் என்று நாலையும் சேர்த்து எடுத்து ஒரு தபாலுறையில் போட்டு அலுமாரியில் புடவைக்கு அடியில் வைத்தேன். பக்கத்து அறையில் மாமனார் இருமிக்கொண்டிருந்தார். என் பையன்கள் இரண்டு பேரும் ஒரே மேசைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிக்கு இதெல்லாம் எதற்கு, நல்லதாக நாலு வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். வேலையில் ஒரு நாளைக்கு ஐந்தாறு மரணச் சான்றிதழ் எழுதுகிறவள் நான். எலும்புக்கூட்டுப் படத்துக்கு நான் பயந்தேன் என்றால் யார் நம்புவார்கள்?

நல்லதாகத்தான் வந்தது. ஆபரேஷன் முடிந்து, மருந்தில் முடி கொட்டி, சிநேகிதி தலையில் துணி கட்டியிருந்தாள். நட்சத்திரச் சீட்டு ஒன்று. தோட்டத்தில் கையில் பறவையோடு நிற்கும் பெண் ஒன்று. கிண்ணம் தூக்கி ஆடும் மூன்று பெண்கள் ஒன்று. “இது நாங்கள் மூண்டு பேரும்தான்” என்று அக்கா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். சிநேகிதியும் சிரித்தாள். அவள் போட்ட சட்டத்தை அவளே மீறி, “இன்னும் ஒண்ணு எடுக்கறேன்” என்றாள். சக்கரம் வந்தது. அதையும் கவிழ்த்து வைத்துவிட்டு, வார்டில் பக்கத்துக் கட்டில் கிழவி திருட்டுத்தனமாக அச்சாறு தின்று மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். அன்றைக்கு நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன், வெட்கமில்லாமல்.

கார்த்திகையில் அவளால் மலை இறங்க முடியவில்லை. நாங்கள்தான் த்ரீவீல் ஆட்டோ பிடித்து ஹந்தானைக்கு ஏறினோம். பகல் இரண்டு மணிக்கே லயத்து வாசல் பனிமூட்டத்தில் மறைந்து கிடந்தது. உள்ளே கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தாள். மணிக்கட்டு என் இரண்டு விரலுக்குள் அடங்கிவிடும் போல் இருந்தது. மகள் கதிரையைப் போட்டு எங்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, அடுப்படியில் போய்ப் பழைய வினாத்தாளைச் செய்யத் தொடங்கினாள்.

சிநேகிதி மூன்று சீட்டு எடுத்தாள். பிறகு கட்டையே கேட்டு வாங்கி, போர்வை மேல் ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினாள். இருபது வரைக்கும் வைத்திருப்பாள்.

“அவன் வரலியே,” என்றாள்.

“யாரு?” என்றேன், தெரியாதவள் போல.

“குதிரைக்காரன்.”

ஐந்து சீட்டு என் வீட்டு அலுமாரியில் கிடந்தது சரி. என் வாயை யார் எடுத்து ஒளித்து வைத்தார்கள்? புள்ளையப் பத்திக் கவலப்படாத, என்கிட்ட இருக்கட்டும் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். அடுப்படியில் பேனா ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் கையைத் தட்டிக்கொடுத்து, “அதெல்லாம் வராதுடி. நீ நல்லா ஆயிருவே” என்றேன்.

“சரி விடு,” என்று சீட்டுகளைச் சேர்த்து என்னிடம் நீட்டினாள். மார்கழி பிறந்து ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்தாள்.

பதினாறாம் நாள் கருமாதி. லயத்து முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். நாத்தனார் வேறு மதத்துக்குப் போனவள் என்றாலும் அன்றைக்கு விடிந்ததிலிருந்து பாத்திரம் கழுவி, பரிமாறி, அழுது, எல்லா வேலையும் அவள்தான் பார்த்தாள். சாப்பாடு முடிந்ததும் கலஹாவுக்குத் திரும்ப வேன் வந்து நின்றது. அக்கா என்னைத் தண்ணீர்ப் பீலிப் பக்கம் ஒதுக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“உம்மட்ட ஒண்டு சொல்லவேணும். கதைச்சது வெளியில போகக் கூடாதெண்டு சட்டம் இருந்தபடியா இவ்வளவு நாளும் சொல்லேல்லை. வார்டுக்குப் பாக்கப் போன நேரம் அவ என்னட்டச் சொன்னவ, குதிரைக்காரன் வந்தா உம்மட்டப் பிள்ளையைப் பற்றிக் கேக்கிறதெண்டு இருந்தவவாம். ஏ.எல். முடியுமட்டும் உம்மட வீட்டில விட ஏலுமோ எண்டு.” அக்கா வேன் பக்கம் திரும்பிப் பார்த்தார். “கடைசியா நான் கண்ட நேரம் என்ன சொன்னவ தெரியுமே? சீட்டு வரேல்லை அக்கா, கேக்க வேண்டாமெண்டு கடவுளே சொல்லுறார் போல எண்டு.”

நடக்கப் போவதைச் சொல்கிற சீட்டு இல்லை என்று எனக்குப் படித்துப் படித்துச் சொன்னவள். கடைசியில் அந்தக் கட்டை நம்பிவிட்டாள். நான் எடுத்து வைத்ததைக் கடவுள் எடுத்து வைத்ததாக எடுத்துக்கொண்டாள்.

“புத்தி சொல்லக் கூடாதுதான். எண்டாலும் சொல்லுறன்,” என்றார் அக்கா. “இன்னும் பிந்தேல்லை. போய்ப் பிள்ளையிட்டக் கதையும். நீர் ஓமெண்டுதான் சொல்லுவீர் எண்டு எனக்குத் தெரியும்.”

போனேன். வேன் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். தோளில் பள்ளிக்கூடப் பை, கையில் ஒரு சூட்கேஸ். நாத்தனார் உள்ளே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்ததும் மனசுக்குள் வீடு வந்து நின்றது: இரண்டு அறை, ஒரே மேசை, மாமனாரின் இருமல், வளர்ந்து வரும் இரண்டு ஆம்பளைப் பிள்ளைகள், என் புருஷனின் முகம். வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

“ஆன்ட்டி, அம்மா என்னையப் பத்தி ஒங்ககிட்ட ஏதாச்சும் கேட்டாங்களா?”

கேட்கும்போது அவளுடைய கண் என் முகத்தை விட்டு நகரவே இல்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதோ தெரிந்திருந்தது. அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பலகைதானே.

“இல்லம்மா,” என்றேன்.

“சரி ஆன்ட்டி,” என்றாள். அழவில்லை. சூட்கேஸை உள்ளே வைத்து, ஏறி, சன்னல் பக்கமாக உட்கார்ந்துகொண்டாள். நாத்தனார் பாயோடு வந்து என்னைக் கும்பிட்டாள். “நாங்க பாத்துக்குவோம், நீங்க யோசிக்காதீங்க” என்றாள். வேன் திரும்பி இறங்கியது.

நான் சொன்னது பொய் இல்லை என்று அந்தக் கல்லுப் பாதையில் நின்று நினைத்துக்கொண்டேன். அவள் என்னிடம் கேட்கவே இல்லைதானே. அதை நினைத்து முடிக்குமுன் அக்கா பக்கத்தில் வந்துவிட்டார்.

“கதைச்சனீரோ?”

“கேட்டேங்க்கா,” என்றேன். “அவளுக்கு அத்த வீட்டுக்குப் போகத்தான் விருப்பமாம்.”

அக்கா அதையும் நம்பினார்.