கம்பிப் பையும் கட்டுகஸ்தோட்டைப் பாலமும்

போன கிழமை மதியச் சாப்பாட்டின்போது, எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, என் தங்கச்சி நெட்வேர்க்கிங் படிக்கிறதா, சொஃப்ட்வெயார் படிக்கிறதான்னு குழம்பிக்கிட்டு இருக்கா. நீங்க எப்படி முடிவு பண்ணுனீங்க?" வாயில் சோறு இருந்ததால் தப்பினேன். மென்று முடிப்பதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி பின்னேரம் வரை பல்லிடுக்கில் மாட்டிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது.

உண்மையைச் சொன்னால், என் முடிவில் மாலு பாண் என்கிற மீன் பணிசுக்கும் ஒரு பங்கு உண்டு. உயர்தரப் பரீட்சையில் எனக்கு வந்த பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. மலையகத்தில் எங்கள் ஊரான ஹேவாஹெட்டையிலிருந்து கண்டிக்கு வந்து, ஒரு போர்டிங்கில் தங்கிப் படிப்புத் தேடினேன். யுத்தம் மறுபடி மூண்டிருந்த காலம். கண்டி நகரத்தில் எந்தக் குறுகல் படியில் ஏறினாலும் மேலே ஒரு கணினி வகுப்பு இருக்கும். எல்லா இடத்திலும் கோட்டு சூட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் சிரிக்கும் துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கையில் தருவார்கள். அதில் எங்கள் யார் முகமும் இருக்காது.

நான் கடைசியாக ஏறிய படிக்குக் கீழே ஒரு பேக்கரி. மாலு பாணின் சூடும் மிளகு வாசமும் படியெல்லாம் ஏறி வகுப்பறைவரை வந்தன. மேலே கண்ணாடி அலுமாரிக்குள் உண்மையான ரௌட்டர் ஒன்று இருந்தது. வேறெங்கும் அதைப் படத்தில்தான் காட்டினார்கள். இங்கே வரவேற்பறைப் பெண் அலுமாரியைத் திறந்து, "தொட்டுப் பாருங்க" என்றாள். தொட்டேன். சூடாக இருந்தது. உயிருள்ள ஒன்றைத் தொட்டதுபோல் ஏனோ சந்தோசம். பசியும் காரணமாக இருக்கலாம்.

எனக்குப் பக்கத்தில் நின்று அதே ரௌட்டரைத் தொட்டவன் குகன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கியிருந்தான்.

"நீர் எதை எடுக்கப்போறீர்?" என்று கேட்டான்.

எங்கள் பக்கத்தில் நீர் என்றால் தண்ணீர்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கோபிக்கவில்லை. தான் நெட்வேர்க்கிங்தான் எடுக்கப்போவதாகச் சொன்னான். "எங்கட ஊரில எத்தினை வருசம் டெலிபோன் லைனே இல்லை தெரியுமோ? அங்கால இருக்கிற ஆள் உயிரோட இருக்கோ எண்டு கேக்கவும் வழியில்லை. ரெண்டு இடத்தைத் தொடுக்கிற வேலை எண்டா எனக்குக் காணும்."

எனக்கு அப்படியொரு காரணம் இருக்கவில்லை. இருந்தாலும் அவன் சொன்னதைக் கேட்டதும், எனக்கும் அதுதான் காரணம் என்று தோன்றிவிட்டது. இளவயதில் காரணங்கள்கூடத் தொற்றிக்கொள்ளும்.

அப்பாவுக்கு விளங்கவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அவர் தோட்டத்தில் கிளாக்கர். எனக்கொரு ஆசிரியர் நியமனம் கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார். "கம்பி இழுக்குற வேலைக்கா பரீட்சை? நம்ம தோட்டத்துல கரண்டு வேல பாக்குறவரு எந்தப் பரீட்சை எழுதுனாரு?" என்று கேட்டார். இது வேறு கம்பி என்று நான் சொன்னேன். "கம்பி கம்பிதானேம்மா" என்றார். பிற்காலத்தில் அலுவலகக் கூரைகளுக்குள் தலையை நுழைத்துத் தூசியில் தும்மும்போதெல்லாம் அவர் சொன்னது சரிதான் என்று நினைத்திருக்கிறேன்.

கேபிளின் மேலுறையை உரித்தால் உள்ளே எட்டு நிறங்களில் மெல்லிய கம்பிகள் இருக்கும். அவற்றை ஒழுங்காக அடுக்கி, நுனியை ஒரே நேராக வெட்டிச் செருக வேண்டும். என் கைக்கு அவை தலைவாராத பிள்ளையின் முடிபோல் எல்லாப் பக்கமும் நிற்கும். குகனுக்கோ ஒரே வெட்டு. முடித்ததும் கேபிளைச் சோதிக்கும் சின்னப் பெட்டியில் பொருத்துவான். பச்சை விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரியும்போது, கடைசி விளக்குவரை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்திருப்பான்.

படிப்பு பாதி நடந்துகொண்டிருக்கும்போது, பயிற்சிக்கென்று எங்கள் இருவரையும் அக்குறணையில் ஒரு துணிக்கடைக்கு அனுப்பினார்கள். மேல்மாடியில் கணினிகளைத் தொடுக்க வேண்டும். கடைக்கார ஹாஜியார் எங்களுக்குச் சாப்பாடும் தந்து, வேலை முடிந்ததும் எல்லாக் கணினியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்றார். திரும்பும் பஸ்ஸில் பெரிய மனிதர்கள்போல உட்கார்ந்திருந்தோம். கருவிப் பை குகனின் மடியில் இருந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அது வழமைதான். குகனின் பையைத் திறந்த சிப்பாய் துண்டுக் கம்பிகளை வெளியே இழுத்தான். பிறகு குறடு, பிறகு பற்றரி போட்ட அந்தச் சின்னப் பெட்டி. "மேவா மொனவத?" என்று கேட்டான். இவையெல்லாம் என்ன என்று கேட்கிறான். குகனுக்குச் சிங்களம் அவ்வளவு வராது. விளக்கிக் காட்டுவோம் என்று நினைத்து, பாவம், பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டான்.

பச்சை விளக்கு எரிந்தது. சிப்பாய் பின்னால் பாய்ந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிய சனம் அலறிக்கொண்டு சிதறியது. அடுத்த கணம் குகன் முழங்காலில் இருந்தான். கைகள் தலைக்குப் பின்னால்.

நான் எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். கணினி வகுப்பு, அக்குறணைக் கடை, கேபிள், எல்லாம். மூத்த சிப்பாய் ஒருவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார். "ஹேவாஹெட்டவா?" என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். குகனின் அட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை. பிறந்த இடத்தை விரலால் தொட்டு மற்றவருக்குக் காட்டினார்.

பஸ்ஸை விட்டுவிட்டார்கள். நான் ஏறவில்லை. ஒரு கடையிலிருந்து ஹாஜியாருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் கடை வானைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார்.

"எனத்தியன் மகள் நடந்த? பயப்பட வாணம். எங்கட கடேல வேல செஞ்ச புள்ள எண்டு நான் சொல்றன்."

சொன்னார். அவர்கள் குகனைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள்; அங்கேயும் வந்து சொன்னார். கடையைத் திறந்து காட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று மன்றாடினார். அந்தக் காலத்தில் ஒருவருக்காக அப்படிப் போய் நிற்பது சின்ன விசயமில்லை. மறுநாள் இரண்டு பொலிஸ்காரர்கள் அக்குறணைக்குப் போய், நாங்கள் இழுத்த கேபிளைப் பார்த்துவிட்டு வந்தபிறகுதான் அவனை விட்டார்கள்.

அடுத்த வகுப்புக்கு வந்தான். அடித்தார்களா என்று கேட்டேன்.

"இல்லை. ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டவை. இதால எதை வெடிக்க வைக்கலாம் எண்டு."

பிறகு குறட்டை எடுத்து, துடைத்து, அலுமாரிக்குள் வைத்தான். பக்கத்து அறையில் நடந்த சொஃப்ட்வெயார் வகுப்புக்கு மாறப்போவதாகச் சொன்னான்.

"பாதியில விடுறீங்களா?"

"விடேல்லை. மாத்துறன். கையில ஒண்டும் கொண்டுபோகத் தேவையில்லாத படிப்பு வேணும் எனக்கு."

விசயம் தெரிந்ததும் அப்பா கண்டிக்கு ஓடிவந்தார். "நீயும் மாத்திக்கம்மா" என்றார். மாற்றவில்லை. துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். என் அட்டையில் ஹேவாஹெட்ட என்று இருந்தது. அதே பையை நான் தூக்கிப்போனால் கேள்வி கேட்பார்கள், அநேகமாக விட்டுவிடுவார்கள். என்னால் மாற்றாமல் இருக்க முடிந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்குத்தான் அந்தப் படிப்பை நான் உண்மையில் தேர்ந்தெடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. முதல் தடவை ஒருவனின் காரணத்தை இரவல் வாங்கியிருந்தேன். அவன் அதைக் கீழே வைத்துவிட்டுப் போனபிறகு அது என்னுடையதானது.

குகன் நன்றாகப் படித்தான், வெளிநாடு போனான், இப்போது பெரிய பதவி. வருசத்தில் ஓரிரு தடவை கதைப்போம். என் வேலையைப் பற்றி மட்டும் கேட்கமாட்டான். நானும் சொல்வதில்லை. ஹாஜியார் இப்போது இல்லை, மௌத்தாகிவிட்டார். வகுப்பு நடந்த மாடியில் இப்போது கைத்தொலைபேசி உறைகள் விற்கிறார்கள்.

போன மாதம் வேலை விசயமாக மாத்தளைக்குப் போகும்போது பாலத்தருகே வாகனத்தை நிறுத்தச் சொன்னேன். மண்மூட்டை இல்லை, தகரக் கூடாரம் இல்லை. தெருவை அகலமாக்கி, ஓரத்தில் சிமெந்துக் கல் பதித்திருந்தார்கள். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் ஐஸ்கிறீம் வாங்கிக்கொண்டு நின்றார்கள். குகன் முழங்காலில் இருந்த இடம் எதுவாக இருக்கும் என்று இங்குமங்கும் நடந்து பார்த்தேன். ஒரு கல்லோ மரமோ அடையாளத்துக்கு இல்லை. என்னாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.