கிரேக்க அங்கிளின் தம்பி

எனக்குத் தம்பி கிடையாது. தங்கையும் கிடையாது. ஆனாலும் எட்டு வயதிலிருந்து பத்து வயது வரை, நியூ ஜெர்சியின் பார்சிப்பனியில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டில், ஒரு தம்பியைப் பார்த்து நான் வயிறு எரிந்திருக்கிறேன். அவனுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கிரீஸ் நாட்டில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தான். நான் ஒருத்தி இருப்பதே அவனுக்குத் தெரியாது. முகம் தெரியாத ஒருவன்மேல் இவ்வளவு பொறாமைப்பட முடியுமா என்று கேட்பவர்கள், அப்பாவை யாருக்கும் பங்கு கொடுக்காமல் வளர்ந்தவர்களாக இருக்க முடியாது.

எல்லாம் எங்கள் வீட்டு வி.சி.ஆரால் வந்த வினை. ஊரிலிருந்து வரும் கல்யாணக் கேசட்டுகள் அமெரிக்க வி.சி.ஆரில் ஓடாது. போட்டால் திரை முழுக்கக் கோடு கோடாக ஓடும். அதனால் அப்பா ஊருக்குப் போய்த் திரும்பும்போது சிங்கப்பூரில் இறங்கி, எந்த நாட்டுக் கேசட்டைப் போட்டாலும் ஓடுகிற மாதிரி ஒரு வி.சி.ஆரும் டி.வி.யும் வாங்கி வந்திருந்தார். அந்தக் கட்டடத்தில் அப்படிப்பட்ட பெட்டி எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அத்தையின் முகூர்த்தத்தை ஈரோட்டில் பார்த்தவர்களைவிட நாங்கள் அதிகம் பார்த்திருப்போம்.

கீழ்த்தளத்தில் ஒரு கிரேக்கர் தனியாக இருந்தார். நெடுஞ்சாலை ஓரத்து டைனர் ஒன்றில் சமையல் வேலை. ஒருநாள் துணி துவைக்கும் அறையில் அப்பாவிடம் புலம்பியிருக்கிறார்: அம்மா ஊரிலிருந்து கேசட் அனுப்பியிருக்கிறாள், தம்பி ஆடிய ஆட்டம், இங்கே போட்டால் வெறும் கோடுதான் வருகிறது. அப்பா ஈரத்துணியை அப்படியே மிஷினில் விட்டுவிட்டு அவரை மேலே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேசட்டைப் போட்டதும் பச்சைப் புல்தரை வந்தது. அதில் எட்டாம் நம்பர் சட்டையோடு ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து என் சனிக்கிழமைகள் போயின. அதற்கு முன் சனிக்கிழமை மாலை என்றால் நானும் அப்பாவும் நூலகம் போவோம், வரும் வழியில் ஐஸ்கிரீம் சாப்பிடுவோம், காரில் அவர் எனக்கு மட்டும் கதை சொல்லுவார். இப்போது நாலு மணிக்குக் கதவு தட்டப்படும். கிரேக்க அங்கிள் தேன் சொட்டும் இனிப்பையோ, அம்மா ஒரு தடவை மட்டும் கடித்துப் பார்த்துவிட்டு ஊறுகாய் பாட்டிலுக்குப் பின்னால் தள்ளிவைத்த ஆலிவ் காய்களையோ தூக்கிக்கொண்டு நிற்பார். அந்த இனிப்பை நானும் தின்றேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தின்றுகொண்டே வெறுத்தேன்.

அப்பா அவனை "தம்பி" என்றே சொன்னார். கேசட்டின் முதுகில் அங்கிள் எழுதிய கிரேக்க எழுத்துக்குக் கீழே "தம்பி – 1", "தம்பி – 2" என்று தமிழில் எழுதி, அத்தை கல்யாணத்துக்குப் பக்கத்தில் அடுக்கினார். ஏதென்ஸின் பெரிய அணியில் தம்பிக்கு நிரந்தர இடம் கிடைத்த அன்று வீட்டில் கேசரி. அதே வாரம் நான் ஸ்பெல்லிங் போட்டியில் வகுப்பில் இரண்டாவதாக வந்திருந்தேன். கேசரி யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டுப் பதிலை வாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

அவன் மிட்ஃபீல்டர். அப்பா அதை ஏதோ பெரிய பட்டம் மாதிரி சொல்லுவார்.

"கோல் போடறவன் பேர் வாங்கிட்டுப் போயிருவான் பாப்பா. அவன் காலுக்குப் பந்து எங்கிருந்து வந்துச்சுன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான். தம்பி அந்த வேலையைப் பண்றான். நடுவுல நின்னு எல்லாருக்கும் எடுத்துக் கொடுக்கறது."

அப்பாவும் கோயம்புத்தூரில் படித்தபோது கல்லூரி அணியில் மிட்ஃபீல்டராம். "இருந்தது நெஜம்தான். பெஞ்சுல இருந்தாரு" என்று அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

வேடிக்கை என்னவென்றால், ஆட்டம் பார்க்கும்போது கத்துவதும் தொடையைத் தட்டுவதும் எங்கள் அப்பாதான். சொந்த அண்ணன் சத்தமே போட மாட்டார். முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொண்டு, "இடது பக்கம் ஆள் நிக்கிறான், அவனுக்குக் கொடுத்திருக்கலாம்" என்று மெதுவாகச் சொல்லுவார். அவர் பேசியது உடைந்த ஆங்கிலம். என் நினைவில் இப்போது அது தமிழாகத்தான் கேட்கிறது. தம்பி பந்தைத் தவறவிட்டால் அங்கிள் சோபாவில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து இன்னொரு போண்டாவை எடுத்துக்கொள்வார். அவருக்கு அம்மாவின் போண்டா பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அவரே சிரித்துக்கொண்டு ஒரு கதை சொன்னார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஊர் அணியில், ஒரே இடத்தில் ஆடியவர்களாம். பந்தைத் தடுத்து நிறுத்தவும் தலை நிமிர்ந்து பார்க்கவும் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்தது இவர்தானாம். ஏதென்ஸ் அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் இவரைப் பார்க்கத்தான் வந்தார்கள். அன்றைக்கென்று தம்பி பிரமாதமாக ஆடிவிட்டான், அவனை எடுத்துக்கொண்டார்கள். "அப்புறம் என்ன, நான் முட்டை பொரிக்க வந்துவிட்டேன்" என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அங்கிளும் சிரித்தார். பெரியவர்கள் சிரித்ததால் நானும் அதை நகைச்சுவை என்றே எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பத்து வயதானபோது தமிழ்ச் சங்கத்தின் தீபாவளி விழாவில் கும்மி ஆடப் பெயர் கொடுத்தார்கள். எட்டு வாரம், ஒரு ஆன்ட்டி வீட்டு பேஸ்மெண்டில், கை சிவக்கச் சிவக்கப் பயிற்சி. முன்வரிசையில் நடுவில் நான். நடுவில் நிற்பதுதான் அப்பாவுக்குப் பெருமை என்று எனக்குத் தெரியுமே, அதற்காகவே அழுது அடம்பிடித்து வாங்கிய இடம் அது. பட்டுப்பாவாடை, ஊக்குக் குத்திச் சிறிதாக்கிய அம்மாவின் ஒட்டியாணம், கனகாம்பரம் கிடைக்காததால் ஆரஞ்சு கிரேப் பேப்பரில் செய்த பூ.

பள்ளிக்கூட ஆடிட்டோரிய வாசலில் எங்களை இறக்கிவிட்டு அப்பா சொன்னார், "அரை மணி நேரத்துல வந்தர்றேன். வீட்டுக்குப் போய் ஒரு வேலை இருக்கு."

வேலை என்னவென்றால், அன்று மதியம் புதுக் கேசட் வந்திருந்தது. தம்பி முதன்முறையாக நாட்டு அணிக்காக, கிரீஸின் நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஆடிய ஆட்டம்.

நான் ஆடினேன். ஒவ்வொரு சுற்றிலும் கதவுப் பக்கம் திரும்பும்போது பார்த்தேன். ஏழு தடவை திரும்பினேன். அப்பா வந்தபோது எல்லோரும் பேப்பர் தட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "சூப்பரா ஆடுனியா பாப்பா?" என்று கேட்டார். என் வயசுப் பிள்ளைகள் எல்லோரையும் போல நானும் தமிழில் கேட்டதற்கு ஆங்கிலத்தில்தான் பதில் சொல்லுவேன். "யூ மிஸ்ட் இட்" என்றேன். "சாரிடா கண்ணு. யார் வீட்லயாச்சும் வீடியோ எடுத்திருப்பாங்க, வாங்கிப் பாத்தரலாம்" என்றார். அதோடு அது முடிந்தது. கார் வீடு வந்து சேரும்வரை, இரண்டாம் பாதியில் தம்பி நாலு பேரைத் தாண்டிக் கொடுத்த ஒரு பாஸைப் பற்றியே அம்மாவிடம் பேசிக்கொண்டு வந்தார். அந்தப் பாஸில்தான் கோல் விழுந்ததாம். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழவில்லை. அழுதிருந்தால் பின்னால் நடந்தது நடக்காமல் போயிருக்கலாம்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்ததும் அம்மா துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே போனாள். போனால் பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு பேசிவிட்டு, டிரையரில் மாற்றிப் போட்டுவிட்டுத்தான் வருவாள். அரை மணி நேரம் ஆகும்.

கேசட்டின் முதுகில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்தக் கேசட்டில் வேறு எதையும் பதிவு செய்ய முடியாது. அங்கிளின் அம்மா ஒவ்வொரு கேசட்டிலும் அதை மறக்காமல் உடைத்து அனுப்பியிருந்தாள். ஆனால் எங்கள் வீடுகளில் எதையும் வீணாக்கும் வழக்கம் இல்லையே. உடைந்த ஓட்டையின்மேல் செல்லோ டேப்பை ஒட்டினால் வி.சி.ஆர். ஏமாந்துவிடும், பழைய கேசட்டிலேயே மறுபடி பதிவு செய்யலாம். அம்மா அப்படித்தான் செய்வாள். நான் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தேன். கை தவறி நடந்ததாக இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் எனக்குச் சொல்லிக்கொள்ள முடியாததற்கு அந்த டேப் துண்டுதான் காரணம்.

அந்தப் பாஸ் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். விழா முடிந்து வந்த இரவு, அங்கிளை மறுபடி மேலே கூப்பிட்டு, அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தார். தம்பி பந்தை வாங்கித் தலை நிமிர்ந்தான். நான் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். டி.வி.யில் அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்ததோ அது பதிவாகட்டும் என்று விட்டேன். அவன் இடத்தில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அவன் அங்கே இருக்கக்கூடாது, அவ்வளவுதான். படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் நிறுத்தி, கேசட்டை உறையில் போட்டு வைத்துவிட்டேன். செல்லோ டேப்பை உரிக்க நேரம் இல்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு அங்கிள் வந்தார். "அந்த ஒரு பாஸை மட்டும் மறுபடி பாக்கலாம்" என்று அப்பா கேசட்டைப் போட்டார். தம்பி பந்தை வாங்கினான். தலை நிமிர்ந்தான். திரை ஒருமுறை நடுங்கியது. கோட்டு சூட்டோடு ஒருவர் தோன்றி, வட ஜெர்சியில் இன்றிரவு லேசான பனி பெய்யலாம் என்றார்.

அப்பா ரிமோட்டைக் கீழே வைத்தார். "என்ன இது" என்றார். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கையில் இருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட பிள்ளை மாதிரி கேட்டார். பனி அறிவிப்பு முடிந்து கார் விளம்பரம் வந்தது. அம்மா கரண்டியோடு வந்து நின்று டி.வி.யைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

அங்கிள்தான் எழுந்தார். கேசட்டை வெளியே எடுத்தார். திருப்பினார். அவர் கட்டைவிரல் அந்த டேப் துண்டின்மேல் போய் நின்றது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார், ஆனால் நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தேன். நகத்தால் மெதுவாக உரித்து, விரல்களுக்கு நடுவில் உருட்டிச் சின்ன உருண்டையாக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நண்பா, தப்பு என்னுடையது" என்றார் அப்பாவிடம். "போன வாரம் நீ போன் எடுக்கப் போனபோது நான் எதையோ அழுத்திவிட்டேன்."

"வேற காப்பி இருக்கா?"

"இல்லை. இது ஒன்றுதான். பரவாயில்லை. இன்னும் எத்தனையோ ஆட்டம் ஆடப்போகிறான்."

ஆடவில்லை. அந்தக் குளிர்காலத்திலேயே தம்பியின் முட்டி போய்விட்டது. இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தும் பழைய கால் திரும்பவில்லை. உலகக் கோப்பை அமெரிக்காவுக்கே வந்த வருஷம் கிரீஸ் அணியும் வந்தது. அவன் அதில் இல்லை. நாட்டுக்காக அவன் ஆடியது அந்த ஒரே ஆட்டம்தான், அதில் எடுத்துச் சொல்ல இருந்தது அந்த ஒரே பாஸ்தான் என்று பிறகு அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். அங்கிள் டைனரை விட்டு வேறு மாநிலம் போனபோது எல்லாக் கேசட்டுகளையும் வாங்கிப் போனார், அதையும் சேர்த்து.

அப்பாவிடம் நான் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் மன்னித்துவிடுவார். எனக்கு அதுதான் பயம்.

அந்தச் சனிக்கிழமை அங்கிள் சீக்கிரமே கிளம்பினார். அப்பா எழுந்து வரவில்லை, கையை மட்டும் ஆட்டினார். வழியனுப்பக் கதவு வரை நான் போனேன். போகச் சொன்னது அம்மா. அங்கிள் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்.

"அழிச்சப்போ நல்லா இருந்துச்சா?"

தெரியாத மாதிரி நடிக்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"எவ்வளவு நாள்?"

நான் யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னேன். "ரெண்டு நாள்."

"அப்புறம்?"

"அப்புறம் பயமா இருந்துச்சு."

"ரெண்டு நாள்" என்று தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். விலை கேட்டுவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தார். பிறகு மற்ற லேஸையும் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

என்ன தண்டனை வரப்போகிறதோ என்று நான் பல வாரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. அவர் என்னைக் கண்டிக்கத்தான் அப்படிக் கேட்டார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். தம்பியை அழித்தால் எப்படி இருக்கும் என்று அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்பது அந்தப் பத்து வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.